நனைந்தால் தெரியும் கை

அத்தியாயம் 4

சுவர் நனைந்திருந்தது. கை மட்டும் நனையவில்லை.

ஊரப்பாக்கத்தில் நான்காம் எண் வீட்டின் பின்பக்கம் அது. மழை விட்டு இருபது நிமிடம் ஆகியிருந்தது. சிமெண்ட் பெயிண்ட் அடித்த சுவர் தண்ணீரைக் குடித்துக் கறுத்திருந்தது. குழாய்க்கு ஒரு சாண் மேலே, ஐந்து விரலும் விரித்த ஒரு வலது கை வெளுப்பாக நின்றது. சின்னக் கை. பெண்ணின் கை.

சின்மயி குனிந்து பார்த்தாள். தாம்பரம் மேற்கில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அவளுடைய துப்பறியும் அலுவலகம். அவள் அதிகம் பேச மாட்டாள். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் மொஹ்சினை உதவியாளனாக வைத்திருக்கிறாள் என்று ஜெராக்ஸ் கடைக்காரர் சொல்வார்.

"ஆறு வீட்லயும் இதே மாதிரி மேடம்," என்றார் கிட்டு. ஆறு வீடுகளையும் கட்டி விற்றவர் அவர்தான். வரிசையின் கடைசியில் ஏழாவது வீட்டில் அவரே குடியிருந்தார். "மழை பெஞ்சா வருது. காஞ்சா போயிடுது. ஆள் விட்டுத் துடைச்சும் பார்த்தாச்சு. வாட்ஸ்அப் குரூப்ல எல்லாரும் இதை சுந்தரவல்லி கைங்கறாங்க."

சுந்தரவல்லி இந்த நான்காம் வீட்டுக்காரி. மூன்று வாரத்துக்கு முன்னால், இந்த மழைக்காலத்தின் முதல் பெருமழையில், இதே குழாயடியில் விழுந்து இறந்தாள். ஐம்பத்தெட்டு வயது. ரத்தக் கொதிப்பு உண்டு. மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அவளைத் தூக்கியவர்கள் நிமிர்ந்தபோது சுவரில் இந்தக் கை இருந்தது.

"தெரு கேமராவுல இன்னா தெரியுது சார்?" என்றான் மொஹ்சின்.

"தெருவுக்கு வெளியாள் யாருமே வரலை."

"அப்ப லோக்கல் பேய்தான். கேட்ல சைன் போடத் தேவையில்ல."

கிட்டு சிரிக்கவில்லை. "பேயெல்லாம் நான் நம்பறதில்லை தம்பி. எவனோ புரோக்கர் பண்ற வேலை. பின்னாடி மனைல இன்னும் ஆறு வீடு கட்டப் போறேன். அதைக் கெடுக்கப் பார்க்கறான். இந்தக் கை யாருதுன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க, போதும்."

"ஓதமா இருக்குமா சார்?" என்றாள் சின்மயி.

"சான்ஸே இல்லை. போன வருஷம்தான் மண்ணுக்குள்ள துருப்பிடிச்ச இரும்பு பைப்பை எடுத்துட்டு பிளாஸ்டிக் போட்டேன். ஒரு சொட்டு ஒழுகாது."

"கொஞ்சம் கிட்ட வந்து காட்டுங்களேன்."

"இங்கேருந்தே நல்லா தெரியுதே," என்றார் கிட்டு. அவர் ஆறடி தள்ளி, உலர்ந்த படியில் நின்றிருந்தார். காலில் தடித்த ரப்பர் செருப்பு.

பின்கதவு திறந்தது. வெறுங்காலோடு ஒருவர் இறங்கி வந்தார். அறுபதைத் தாண்டிய, மெலிந்த மனிதர். யாரையும் பார்க்காமல் ஈரத் தரையில் நடந்து சுவரருகே போனார். தன் வலது கையை எடுத்து அந்தக் கையின் மேல் வைத்தார். அவருடைய விரல்கள் அதைத் தாண்டி நீண்டன.

"சுந்தரவல்லி ஹஸ்பண்ட்," என்று கிட்டு முணுமுணுத்தார். "அனந்தகிருஷ்ணன். போஸ்டாபீஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவர். தினம் இப்படித்தான்."

அனந்தகிருஷ்ணன் கையை எடுத்தார். "இப்போ இல்லை," என்றார். கடை திறக்கவில்லை என்று சொல்வதுபோல, சாதாரணமாக.

"எது இல்லை சார்?" என்றாள் சின்மயி.

"துடிப்பு. கையை வெச்சா உள்ளேருந்து மெல்லிசா ஒரு துடிப்பு வரும். மணிக்கட்டு வரைக்கும் ஏறும். ஆறரைக்குத்தான் வருவா."

"தினமுமா?"

"சனிக்கிழமை வரமாட்டா. ஞாயித்துக்கிழமை காலைல வருவா. மழை பெஞ்ச அன்னிக்கு நன்னா தெரியும்."

"அவங்க இறந்தது எத்தனை மணிக்கு?"

"ஆறரைக்குத்தாம்மா." அவர் சின்மயியை முதல் தடவையாகப் பார்த்தார். "அதனாலதானே ஆறரைக்கு வரா."

சன்ஷேடிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"வாரத்துல அஞ்சு நாள் சாயங்காலம், சண்டே மட்டும் காலைல," என்றான் மொஹ்சின் தாழ்ந்த குரலில். "பேய் ஐ.டி. கம்பெனியில வேலை பாக்குது போல கீதே அக்கா."

சின்மயி பக்கத்து ஐந்தாம் வீட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "அங்கே யார் சார்?"

"ஸ்நேகான்னு ஒரு பொண்ணும் அவ ஹஸ்பண்டும். ரெண்டு பேருக்கும் நாவலூர்ல வேலை. சாயங்காலம்தான் வருவாங்க."

*

இரண்டாம் வீட்டின் பின்சுவர் சன்ஷேடுக்குக் கீழே உலர்ந்தே இருந்தது. அங்கே கை எதுவும் தெரியவில்லை. சின்மயி ஒரு மக் தண்ணீரைச் சுவரில் வீசி ஊற்றினாள். சுவர் கறுத்தது. கறுப்புக்கு நடுவே, யாரோ உள்ளேயிருந்து தள்ளுவதுபோல, ஐந்து விரல் மெல்ல வெளுத்து எழுந்தது.

மொஹ்சின் இரண்டடி பின்வாங்கினான். "சொல்லிட்டு செய்யக்கூடாதாக்கா?"

"கை எப்பவும் இங்கேயேதான் இருக்கு. மழை அதைக் கொண்டு வரலை. சுத்தி இருக்கிற சுவரைத்தான் கறுப்பாக்குது." டிஷ்யூ தாளை அந்தக் கையின் மேல் அழுத்தி எடுத்து அவனிடம் நீட்டினாள். "மோந்து பார்."

அவன் தயங்கி முகர்ந்தான். "தேங்காண்ணெய். காறிப்போன வாசன."

"எண்ணெய் பட்ட இடத்தில் தண்ணி இறங்காது. அதனால அந்த இடம் கறுக்காது. அவ்வளவுதான். எண்ணெய்க் கையோட யாரோ இந்தச் சுவரைத் தொட்டிருக்காங்க. கடைசிக் கோட்டிங் காய்ஞ்ச பிறகு. முதல் மழைக்கு முன்னாடி."

"செப்டம்பர் கடைசியில ஆறு வூட்டுக்கும் ஒண்ணா பெயிண்ட் அடிச்சாங்கன்னு கிட்டு சார் சொன்னாரே." பேசிக்கொண்டே வந்தவன் நின்றான். "அக்கா. எங்க மாமு பெயிண்டரு. காலையில வேலையில கை வெக்கறதுக்கு முன்னாடி உள்ளங்கையில தேங்காண்ணெய் தேச்சிக்குவாரு. பெயிண்ட் ஒட்டாது, சாயங்காலம் கழுவுனா வந்துரும். பெயிண்டருங்க எல்லாருமே அப்டித்தான்."

"சின்னக் கை. பெயிண்டர் செட்டுல பொம்பளைங்க இருப்பாங்களா?"

"பெயிண்டுக்கு முன்னாடி சுவத்துல பட்டி பூச சித்தாளுங்க வருவாங்க. ஆனா யாரும் பாத்திருக்க மாட்டாங்க."

"ஏன்?"

"யாராவது பாப்பாங்களாக்கா? வந்தது எத்தினி பேருன்னு கேட்டா, மேஸ்திரி பேரு மட்டும் சொல்லுவாங்க."

அவன் மாமாவுக்குப் போன் செய்தான். நான்கு நிமிடத்தில் விடை வந்தது. பெயிண்டர்களுக்குள் எந்தச் செட்டு எந்தத் தெருவில் அடித்தது என்பது ரகசியம் இல்லை. அந்தச் செட்டு இப்போது பம்மலில், ஒரு லேத் பட்டறையின் மாடியில் வேலை செய்கிறது. அதில் பெண் ஒரே ஒருத்தி. பெயர் முனியம்மா.

வெளியே நடக்கும்போது சின்மயி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தரையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் மீட்டருக்கு நேர் கீழே, எர்த் குழிக்குச் சிமெண்ட் மூடி போட்டிருந்தது. முதல் ஆறு மூடிகளைச் சுற்றியும் மழைக்குப் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. கிட்டுவின் வீட்டு மூடியைச் சுற்றி மட்டும் மண் மொட்டையாக இருந்தது.

"பொதையல் தேடறியாக்கா?"

"புல்லு பார்க்கிறேன்," என்றாள் சின்மயி.

*

பம்மலில் பட்டறையின் மாடிக்கு ஏறும்போது மணி ஐந்து. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

முனியம்மா ஒரு பக்கெட் தண்ணீரும் கந்தல் துணியுமாகச் சுவரை நனைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கலாம். முழங்கை வரை பட்டி காய்ந்து வெளுத்திருந்தது. நனைத்த சுவரை உள்ளங்கையால் தடவி, இறக்குமதி துணியைத் தொட்டுப் பார்ப்பவள்போலத் தலையைச் சாய்த்தாள். பிறகு கரண்டியை எடுத்தாள்.

"யக்கா, உன் கையக் கொஞ்சம் காட்டு," என்றான் மொஹ்சின்.

"இன்னாத்துக்கு? ஜோசியம் பாக்கப் போறியா?"

"பாத்தாச்சு. ஊரப்பாக்கத்துல ஆறு வூட்டுக்கு போய் வருவேன்னு போட்டுக்கீது."

அவள் கரண்டி நின்றது. கீழே லேத் இரைந்தது. அவள் படிக்கட்டைப் பார்த்தாள். "மேஸ்திரி டீ குடிக்கப் போயிருக்காரு. அவரு வரதுக்குள்ள போயிடுங்க."

"அந்தக் கை உங்களுதுதானே?" என்றாள் சின்மயி.

"போலீசா?"

"இல்லை. எதுக்கு வெச்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க. நாங்க போயிடறோம்."

முனியம்மா துணியைப் பிழிந்தாள். பிழிந்துகொண்டே பேசினாள்.

"பட்டி பூசறதுக்கு முன்னாடி சுவத்த நனைக்கணும். காலுல செருப்பு இல்லாம, ஈரக் கையோட, வூட்டுல எல்லா சுவத்தையும் தொடறது நாங்கதான். வேற யாரு தொடறாங்க? எங்கனா கரண்டு கசிஞ்சா எங்களுக்குத்தான் மொதல்ல தெரியும். சுர்ருன்னு கடிக்கும். பெயிண்டு காஞ்சதும், கெளம்பறப்ப, கடிச்ச எடத்துல எண்ணெக் கைய வெச்சுட்டு வந்துருவோம். காஞ்ச சுவத்துல வூட்டுக்காரங்களுக்குத் தெரியாது. அடுத்த தபா வேற எந்த சித்தாளு வந்து நனைச்சாலும் கை தெரியும். அவ அந்த எடத்த வெறுங்கையால தொடமாட்டா. ஒலர்ந்த துணி சுத்திக்கினு பூசுவா."

"அப்போ அந்தக் கைக்கு அர்த்தம்..."

"தொடாதன்னு அர்த்தம்."

மொஹ்சின் தன் உள்ளங்கையைப் பார்த்தான்.

"வீட்டுக்காரங்க யார்கிட்டயும் சொல்லலையா?" என்றாள் சின்மயி.

"மேஸ்திரிகிட்ட சொன்னேன். கரண்டு வேல வேறாளு பண்ணது, நம்ம பொழப்பு பெயிண்டு, வாய மூடிக்கினு இருன்னாரு. சாயங்காலமானா ஆறு வூட்லயும் கடிக்குதுன்னு திரும்ப சொன்னேன். அவரு போயி கிட்டு சார்கிட்ட கேட்டாரு. திரும்பி வந்து, உன்ன ரப்பர் செருப்பு போட்டுக்கச் சொன்னாருன்னாரு."

சின்மயி நிமிர்ந்தாள். "கிட்டு சாரா சொன்னார்?"

"ஆமா. அப்பறம், வூட்டுக்காரங்ககிட்ட பேசறத பாத்தா செட்ட வுட்டே தூக்கிருவேன்னாரு மேஸ்திரி." முனியம்மா துணியைப் பக்கெட் விளிம்பில் போட்டாள். "நாலாம் நம்பரு அம்மா தெனம் டீ குடுக்கும். நான் கழுவி வெச்ச டம்ளர, அந்தம்மா திரும்ப கழுவாம உள்ள எடுத்துனு போவும். அப்டி யாரும் எடுத்துனு போவ மாட்டாங்க. அதுகிட்டயாவது சொல்லணும்னு மூணு நாளு நெனச்சேன். சொல்லல. அந்த வூட்டு சுவத்துல கைய மட்டும் வெச்சுட்டு வந்துட்டேன். அதுக்கு அந்தக் கைய படிக்கத் தெரியுமா? இப்ப எந்த வூட்ல கொழாயத் தொறந்தாலும் அதும் மொகம்தான் வருது."

தகரக் கூரையில் முதல் சொட்டுகள் விழுந்தன.

சின்மயி மணி பார்த்தாள். ஐந்து இருபது. "மொஹ்சின். மழை பெஞ்ச அன்னிக்கு நல்லா தெரியும்னு சொன்னார்."

"யாரு?"

"அந்தக் கை மேல தினம் தன் கையை வெக்கிறவர்."

*

அனந்தகிருஷ்ணனின் போன் அடித்து அடித்து நின்றது. மழையில் ஜி.எஸ்.டி. ரோடு நகராது என்று மொஹ்சின் பைக்கை மாமா வீட்டில் விட்டான். ஷேர் ஆட்டோவில் பல்லாவரம். அங்கிருந்து செங்கல்பட்டு ரயில். முனியம்மா பட்டிக் கையோடு கூடவே வந்தாள். மேஸ்திரி திரும்பி வந்தபோது சுவர் பாதி நனைந்தபடி இருந்திருக்கும்.

ரயில் குரோம்பேட்டையைத் தாண்டும்போது கிட்டு போனை எடுத்தார். சின்மயி ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், கை யாருதுன்னு தெரிஞ்சுடுச்சு. அதை அப்புறம் சொல்றேன். இப்போ நாலாம் வீட்டுக்குப் போய் அனந்தகிருஷ்ணன் சாரைப் பின்பக்கம் வரவிடாம பிடிச்சுக்குங்க. மூணு வீடு தள்ளித்தானே?"

"எதுக்கு?"

"சுவர்ல கரண்ட் இருக்கு."

ஏன், எப்படி, யார் சொன்னது என்று எதையும் அவர் கேட்கவில்லை.

"மழை பெய்யுது மேடம்," என்றார் கடைசியில். "அந்தச் சுவர் பக்கம் நான் போக மாட்டேன்."

"அஞ்சாம் வீட்டு ஸ்நேகா நம்பராவது குடுங்க."

லைன் துண்டிக்கப்பட்டது.

"பேய நம்பமாட்டாரு," என்றான் மொஹ்சின். "ஆனா சுவத்துக்கு மட்டும் பயப்படுவாரு."

"மதியமே அந்தப் படியை விட்டு இறங்கலை. நான்தான் லேட்டா புரிஞ்சுக்கிட்டேன்," என்றாள் சின்மயி.

தாம்பரத்தில் ரயில் எட்டு நிமிடம் நின்றது. சிக்னல். முனியம்மா ஜன்னலுக்கு வெளியே தண்டவாளத்தில் மழை விழுவதைப் பார்த்துக்கொண்டு, விரலிலிருந்து பட்டியை உரித்துக்கொண்டே இருந்தாள். பெருங்களத்தூர். வண்டலூர். ஊரப்பாக்கத்தில் இறங்கும்போது ஆறு இருபது.

அவர்கள் ஓடினார்கள்.

*

பின்பக்கத்தில் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அந்த நீல வெளிச்சத்தில் சுவர் கறுப்பாகவும், கை பளிச்சென்றும் இருந்தது. அனந்தகிருஷ்ணன் தண்ணீரில் வெறுங்காலோடு நின்றிருந்தார். சட்டை முழுதும் நனைந்திருந்தது. வலது கை பாதி உயர்ந்திருந்தது.

"சார், தொடாதீங்க," என்றாள் சின்மயி.

அவர் திரும்பவில்லை. "அஞ்சு நிமிஷம்மா. அவ வர நேரம்."

"சார், கீழ தண்ணி..." என்று மொஹ்சின் தொடங்கினான். அவர் கை இன்னும் உயர்ந்தது.

முனியம்மா முன்னால் வந்தாள்.

"அது என் கை சார்."

அவர் கை நின்றது.

"அந்தம்மா கை இல்ல. என்னுது. செப்டம்பர்ல பட்டி பூச வந்தேன். நான்தான் வெச்சேன்." அவள் தன் வலது கையை விரித்துக் காட்டினாள். உரிந்தது போக மிச்சம் இருந்த பட்டியில் மழை விழுந்து வழிந்தது. "பாருங்க. அளவு சரியா இருக்கும்."

அனந்தகிருஷ்ணன் அந்தக் கையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி அந்தக் கையைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ரொம்ப நேரம் காத்திருந்தவரிடம் பஸ் வராது என்று சொன்ன மாதிரி ஒன்று இருந்தது.

"அப்போ அந்தத் துடிப்பு?" என்றார்.

சின்மயி அவர் முழங்கையைப் பிடித்துப் படிக்கு ஏற்றினாள். மொஹ்சின் செருப்புக் காலோடு படியின் ஓரத்தில் குந்தி, பையிலிருந்த கரண்ட் டெஸ்டரை நீட்டிக் குழாயில் வைத்தான். அதன் சின்ன விளக்கு எரியவில்லை.

"ஒண்ணும் இல்லையே," என்றார் அவர். குரலில் ஒரு நம்பிக்கை இருந்தது. அதைக் கேட்க முடியவில்லை.

"இருங்க சார்," என்றாள் சின்மயி.

ஐந்தாம் வீட்டு வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. கேட் திறந்தது. சிறிது நேரத்தில் அந்த வீட்டுக் குளியலறை ஜன்னலில் வெளிச்சம் வந்தது. பிறகு ஹீட்டர் சுவிட்சின் 'டக்' சத்தம் மழையிலும் கேட்டது.

டெஸ்டரில் செம்மஞ்சளாக ஒரு புள்ளி எரிந்தது.

மணி ஆறு முப்பத்தொன்று.

அனந்தகிருஷ்ணன் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அணையவில்லை.

"போய் ஹீட்டரை அணைக்கச் சொல்லு," என்றாள் சின்மயி. "மத்த வீட்லயும் சொல்லு. யாரும் குழாயைத் தொட வேண்டாம்." மொஹ்சின் எதுவும் சொல்லாமல் ஓடினான். அவளுக்குத் தெரிந்து அவன் பேசாமல் செய்த முதல் வேலை அது.

*

குடையோடு கிட்டு வாசலுக்கு வந்தபோது, மொஹ்சின் புல்லை விலக்கி, எர்த் குழியின் சிமெண்ட் மூடியைத் தூக்கி வைத்திருந்தான். உள்ளே மணல். வெறும் மணல். ஒரு பச்சை வயர் அதில் ஒரு சாண் இறங்கி, வளைந்து, சுவரோடு ஏறிய இரும்புத் தண்ணீர்க் குழாயில் சுற்றி, அங்கிருந்து பக்கத்து வீட்டுக் குழாய்க்கும் போயிருந்தது.

"இன்னா சார், மூடி போட்ட டப்பா, உள்ள பிரியாணி இல்ல," என்றான்.

"பிளம்பர் பண்ணினது," என்றார் கிட்டு. "அவனேதான் எர்த் வயரும் இழுத்தான். எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க வீட்டுக் குழியைச் சுத்தி மட்டும் புல் முளைக்கலை சார்," என்றாள் சின்மயி. "முறையா எர்த் போட்டா உப்பும் கரியும் கொட்டுவாங்க. உப்பு இறங்கின மண்ணில் புல் வராது. உங்க வீட்டுக்கு உப்பு. மத்த ஆறு வீட்டுக்கு மூடி."

"இத்தனை வருஷம் ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையே."

"அப்போ குழாய் இரும்பு. மண்ணுக்குள்ள போச்சு. கசிஞ்சது அது வழியா மண்ணுக்குப் போயிடுச்சு. போன வருஷம் பிளாஸ்டிக் மாத்தினீங்க. அதுக்கப்புறம் கசிவு போக வழியில்லை. தொடறவங்கதான் வழி."

கிட்டு குடையை மாற்றிப் பிடித்தார். "மேடம், உங்களைக் கூப்பிட்டது நான்."

"ஆமா சார். கை யாருதுன்னு கண்டுபிடிக்கச் சொன்னீங்க. இவங்களுதுதான்."

கிட்டு அப்போதுதான் முனியம்மாவைப் பார்த்தார். யார் என்று அவருக்குத் தெரியவில்லை.

"நீங்கதான் சார் ரப்பர் செருப்பு போட்டுக்கச் சொன்னீங்க," என்றாள் முனியம்மா.

அவர் மழையில் திரும்பி நடந்தார். அந்தச் செருப்புகள் தண்ணீரில் சப்பு சப்பு என்று ஒலித்தன.

"ஓடிருவாரா?" என்றான் மொஹ்சின்.

"ஓடமாட்டார். காலையில ஆள் விட்டு வயரை எடுத்துடுவார். அதுக்கு முன்னாடி மின் ஆய்வாளர் ஆபீஸுக்குப் புகார் போகணும். போட்டோவோட. எழுத்து மூலமா."

*

அனந்தகிருஷ்ணன் வேட்டி மாற்றிக்கொண்டு வந்து, கூடத்து மேஜையில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தார். நானே எழுதறேன் என்றார். முப்பத்தாறு வருடம் மற்றவர்களுக்கு மணியார்டர் பாரம் எழுதிக் கொடுத்த கை. எழுத்து அச்சுப்போல விழுந்தது. ஆறு வீடு. குழியில்லாத மூடி. ஐந்தாம் வீட்டு ஹீட்டர். நான்காம் வீட்டுக் குழாய்.

முனியம்மா நாற்காலியில் உட்காராமல் கதவோரம் நின்றாள்.

"எங்கெங்க கடிச்சுதுன்னு நீங்க சொன்னாத்தான் புகார் நிக்கும்," என்றாள் சின்மயி அவளிடம். "பேர் போடணும். மேஸ்திரிக்குத் தெரிஞ்சுடும்."

"தெரியட்டும். இன்னிக்கே தூக்கிட்டிருப்பாரு." அவள் மேஜைப் பக்கம் ஓரடி வந்தாள். "ஒண்ணு சேத்து எழுதுங்க சார். இந்த வூட்டு அம்மாகிட்ட நான் சொல்லல. சொல்லியிருக்கலாம். அதையும் எழுதுங்க."

பேனா நின்றது.

"அது உங்களுக்கு எதிரா திரும்பலாம்," என்றாள் சின்மயி.

"திரும்பட்டும்க்கா."

அனந்தகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"அவ சொன்னா," என்றார்.

"யார் சார்?"

"சுந்தரா. தீபாவளிக்கு முன்னாடி. துணி அலசிட்டு வந்து, ஏன்னா, குழாய் கடிக்கிறதுன்னா. நான் பேப்பர் படிச்சிண்டிருந்தேன். நரம்புத் தளர்ச்சியா இருக்கும், பி காம்ப்ளக்ஸ் போட்டுக்கோன்னேன். மறுநாளும் சொன்னா. அதுக்கப்புறம் சொல்லலை." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அவ போனப்புறம் அதே கடிதான் என் கையிலயும் ஏறித்து. நான் அதை அவன்னு நெனச்சுண்டேன்."

வெளியே மழை குறைந்துகொண்டிருந்தது. மொஹ்சின் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான்.

அனந்தகிருஷ்ணன் எழுதிய தாளைத் தள்ளி வைத்துவிட்டுப் புதிய தாள் எடுத்தார். மேலே 'மின்கசிவு பற்றி முறையிட்டவர்கள்' என்று எழுதிக் கோடு போட்டார். ஒன்று என்று எண் போட்டு, சுந்தரவல்லி என்று எழுதினார். தேதி எழுதினார். யாரிடம் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார்.

பிறகு இரண்டு என்று எண் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"உங்க முழுப் பேரைச் சொல்லும்மா," என்றார்.